முப்பது நோன்பும் வெள்ளைக் குளிசையும்

நிந்தவூரில் நோன்பு மாதத்துப் பகலில் ஒரு பெண் அடுப்படியில் ஒதுங்கி நின்று தண்ணீர் குடித்தால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது அவளுக்குத் தொழுகை இல்லாத நாள், அவ்வளவுதான். ஒரு நாளும் ஒதுங்காமல் நோன்போடு நடமாடுகிறவளைத்தான் மற்றப் பெண்கள் உற்றுப் பார்ப்பார்கள். ஆண்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பது அவர்களுக்கு வசதி.

எண்பதாம் ஆண்டு நோன்பில் அப்படி உற்றுப் பார்க்கப்பட்டவள் சுல்பிகா. உற்றுப் பார்த்தவள் அவளுடைய சொந்த ராத்தா, மூத்தவள் சுஹறா. ஒரே வளவுக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. உம்மா ஆயிஷா உம்மா தனக்கு வந்த நிலத்தில் மூத்தவளுக்கொரு வீடும் இளையவளுக்கொரு வீடும் எழுப்பி, இரண்டு மருமக்களையும் கொண்டு வந்து குடியேற்றியிருந்தாள். மூத்த மருமகன் ஹஸன் சந்தையடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். இளையவன் முத்தலிப் வயல் செய்தான். கதிர் முற்றும் காலமாகையால் பன்றிக்காவலுக்கு வயல் வட்டைக்குள் ஓலைக் குடிசை வாடியில் தங்கி, வியாழன் பின்னேரம்தான் சைக்கிளில் வீடு வருவான்.

வளவில் மூன்று பெண்களும் சேர்ந்து நெல் அவித்தார்கள். மாரி போகத்து நெல்லை ஊறப்போட்டு, கிடாரத்தில் அவித்து, படங்கில் பரப்பிக் காயவைத்து மில்லுக்கு அனுப்ப வேண்டும். ஆடி மாதத்துக் கச்சான் காற்று மேற்கேயிருந்து அனலாக வீசும். நெல்லுக்கு அது நல்ல காற்று, நோன்பாளிக்கு அல்ல. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படியொரு காலையில், அடுப்புக்குக் கொக்காரை தள்ளிக்கொண்டே சுஹறா கேட்டாள்.

“என்ன புள்ள, மொதல் கிழமையிலயே நோம்ப உடுறவள் நீ. இந்த முறை ஒண்டையும் காணல்ல.”

“இல்ல ராத்தா.”

“வகுத்தில ஏதும் இரிக்கா?”

“அல்லா காப்பாத்தணும்” என்றாள் சுல்பிகா. அவள் அதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை.

நாலாவது பிள்ளை பிறந்தபோது நஞ்சுக்கொடி விழாமல் அவளுக்கு இரத்தம் போனது. மூன்று பெண்ணுக்குப் பிறகு ஆண் என்று ஊர் சீனி வழங்க, அவளோ ஆசுபத்திரிக் கட்டிலில் வெளிறிக் கிடந்தாள். இன்னொரு பிள்ளை உண்டானால் தாயைத் திருப்பித் தர முடியாது என்று வைத்தியர் அவளுக்கும் உம்மாவுக்கும் கேட்கத்தான் சொன்னார். உம்மா வீட்டுக்கு வந்து மருமகனிடம், “கொஞ்சம் கவனமா இரிக்கட்டாம் மனே” என்றாள். மாமியார் மருமகனிடம் அதற்கு மேல் என்னத்தைச் சொல்ல முடியும்? முத்தலிப் தலையாட்டினான். பிள்ளை தவழத் தொடங்கிய நாளில், “வயலுக்கு ஒரு பொடியன் பத்தா புள்ள” என்று சிரித்தான்.  அந்தச் சிரிப்பைக் கண்ட மறுநாளே சுல்பிகா சின்னத்தங்கம் மிஸ்ஸியைத் தேடிப் போனாள்.

சின்னத்தங்கம் மிஸ்ஸி கல்முனையிலிருந்து பஸ்ஸில் வரும் மருத்துவமாது. கறுப்புக் குடையும் தோல் பையுமாக வீடுவீடாக நடப்பாள். அவள் உடனே பிள்ளைத்தடைக் குளிசையைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. கையில் பட்டி கட்டிப் பிறசர் பார்த்தாள். கண்ணை இழுத்துப் பார்த்தாள். ஒற்றைத் தலையிடி வருவதுண்டா, காலில் நரம்பு புடைத்து வீங்கியதுண்டா, கண் மஞ்சளாகும் செங்கண்மாரி வந்ததா, பிள்ளை இன்னும் தாய்ப்பாலை மட்டும் நம்பியிருக்கிறதா என்று விதானையார் விசாரிக்கிற மாதிரி விசாரித்தாள். பிள்ளை சோறு தின்னத் தொடங்கிவிட்டான் என்ற பிறகுதான் பை திறந்து, குளிசைகள் பதித்த சீட்டு வெளியே வந்தது.

“இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டு. ஒவ்வொரு நாளும் அதே நேரம். ஒண்டு மறந்தா ஞாபகம் வந்த உடன குடியுங்க. வெள்ளைதான் மருந்து, மண்ணிறம் இரும்புச்சத்து. தலை பிளக்கிற மாதிரி இடிச்சா, கண் மங்கினா, நெஞ்சு நொந்தா, கால் வீங்கினா ஒரு குளிசையும் தொடாம என்னட்ட வாங்க. கேட்டதா பிள்ளை?”

“கேட்ட மிஸ்ஸி.”

முதல் இரண்டு மாதமும் லேசாக இருக்கவில்லை. விடிய எழும்பினால் வயிற்றைப் பிரட்டியது. மார்பு கனத்து நொந்தது. இடைநடுவில் துளி துளியாகப் பட்டு, தொழுவதா விடுவதா என்று தெரியாமல் பாயில் குந்தியிருந்து அழுதாள். மீன் ஆணத்தின் மணத்துக்கு அவள் ஓங்காளிப்பதைக் கண்டு உம்மாவே ஒருநாள் வயிற்றைப் பார்த்தாள். ஆனாலும் சுல்பிகா விடவில்லை. பழகுமட்டும் பொறுக்கச் சொன்ன மிஸ்ஸியின் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் மாதம் உடம்பு பழகியது. மாதாமாதம் அவளைச் சுருட்டிப் போடும் வயிற்று நோவு குறைந்தது, இரத்தப்போக்கும் பாதியானது. முகத்தில் இரத்தம் ஊறியது. நோன்புக்கு முன்னால் மிஸ்ஸியிடம் கேட்டாள். மண்ணிறத்தை விட்டுவிட்டு அடுத்த சீட்டின் வெள்ளையைத் தொடர்ந்தால் இந்த மாதம் வராது, அவளுக்கு அதில் கேடில்லை என்றாள் மிஸ்ஸி.

இதையெல்லாம் சுல்பிகா கிடாரத்தடியில் ராத்தாவுக்குச் சொன்னாள். சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்த பேச்சு, கூடப் பிறந்தவள் கேட்டதும் வெளியே வந்துவிட்டது.

சுஹறா அகப்பையை வைத்துவிட்டுக் கிட்ட வந்தாள். “எனக்கும் தா புள்ள.”

“ஒனக்குப் பிறசர் இரிக்கி. மிஸ்ஸி கேக்கிற மொதல் கேள்வியே அதுதான். தரமாட்டா.”

“மிஸ்ஸிட்ட ஆரு கேட்ட? ஒன்னட்டத்தான் கேக்கன். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து ஒரு நோம்பு மாசம் முழுசாப் புடிச்சிரிக்கனா நான்? ஒண்டு வகுத்தில, இல்லாட்டி மடியில, இல்லாட்டி இந்தத் தொழுகை இல்லாத நாள். உட்டுப்போன கழா நோம்பு மலையாக் குவிஞ்சி கிடக்கு. மௌத்தானா அங்க போய் என்னத்தச் சொல்ற?”

“அதெல்லாம் ரப்பு மன்னிக்கிறதுதானே ராத்தா. ஏலாத நாளைக்கி ஆரு புடிக்கச் சொன்ன?”

“நீ மட்டும் முப்பதும் புடி. எனக்கு மன்னிப்பு, ஒனக்கு நோம்பு.”

“நான் நோம்புக்கெண்டு குடிக்கல்ல. உசிரோட இரிக்கிறதுக்குக் குடிக்கன். ஒனக்கு இது ஆகா, கேக்காத.”

சுஹறா முகத்தைத் திருப்பிக்கொண்டு நெல்லைக் கிண்டப் போனாள். கோபித்துக்கொண்டாள் என்றுதான் சுல்பிகா நினைத்தாள். அவள் கோபிக்கவில்லை. தங்கை கிணற்றடிக்குப் போன நேரம் பெட்டகத்தைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் கிடந்த மூன்று புதுச் சீட்டுகளில் இரண்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். பச்சை மிளகாயும் தேங்காயும் கேளாமல் எடுத்துக்கொள்ளும் வீடுகள் அவை. அதனால் அவளுக்கு அது களவாகத் தோன்றியிராது. எந்த மருந்தென்றாலும் காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஆசுபத்திரியில் வாங்கிப் பழகிய ஊர். விடியுமுன் சஹருக்குத் தயிரும் வாழைப்பழமும் பிசைந்த சோற்றோடு ஒரு குளிசை, நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் இன்னொரு குளிசை என்று அவளாகவே திட்டம் வகுத்துக்கொண்டாள். வர வேண்டிய நாள் வந்து போனது. வரவில்லை. சுஹறாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இரவு தறாவீஹ் தொழுகைக்கு முதல் ஆளாய்ப் போய் நின்றாள்.

தலையிடி இரண்டு மூன்று நாளாக இருந்தது. நோன்புத் தலையிடி என்று நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டாள். அந்த வியாழக்கிழமை, அசறு தொழுதுவிட்டு வந்து காய்ந்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தவள் படங்கின் நடுவில் அப்படியே குந்திவிட்டாள்.

“உம்மா, இந்தக் கண்ணுக்கு ஒண்டும் தெரியுதில்ல.”

இடது கை மடியில் செத்ததுபோல் கிடந்தது. பேச்சும் குழறியது. உம்மா ஓடிவந்து மடியில் தாங்கினாள். கடையிலிருந்து ஹஸனைக் கூட்டி வந்தார்கள்.

“கண்ணூறு” என்றாள் ஆயிஷா உம்மா. “முப்பதும் புடிக்கப்போறன், முப்பதும் புடிக்கப்போறனெண்டு கண்டவள்கிட்ட எல்லாம் சொல்லித் திரிஞ்சாள். எவளோ வாய் வச்சிட்டாள்.”

லெப்பையிடம் தண்ணீர் ஓதி வர ஹஸன் ஆள் அனுப்பினான். “மஃரிபுக்கு இன்னம் கொஞ்ச நேரம்தான் மாமி. நோம்பத் தொறந்து ரெண்டு முடறு கஞ்சி குடிச்சாத் தெளிஞ்சிரும்.”

சுல்பிகா பெட்டகத்தைப் போய்த் திறந்தாள். துணியைக் கிளறிய கைக்கு ஒரு சீட்டுத்தான் அகப்பட்டது. தலை பிளக்கிற இடி, கண் மங்கல் என்று மிஸ்ஸி சொன்னதெல்லாம் அங்கே படங்கில் கிடக்கிறது. அவள் பெட்டகத்தின் மூடியைப் பிடித்தபடி நின்றாள். சொன்னால் தன் குளிசை போகும். அதை இந்த வீட்டில் இனி யாரும் குடிக்க விடமாட்டார்கள், மறுபடி வயிற்றில் ஒன்று உண்டாகும், அதோடு அவள் கதை முடியும். சொல்லாவிட்டால் மஃரிபுக்குள் ராத்தா முடிந்துவிடுவாள்.  சீட்டை மடியில் செருகி, மூடியைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

முத்தலிப் அப்போதுதான் வட்டையிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்தான். அவனைக் கண்டும் நிற்காமல் அவள் ஹஸனிடம் போனாள்.

“மச்சான், ஓதின தண்ணி பொறகு குடுக்கலாம். இப்ப காருக்கு ஆள் அனுப்புங்க. ராத்தா என்ட குளிசைய எடுத்துக் குடிச்சிரிக்கா.”

“என்ன குளிசை?” என்றான் ஹஸன்.

“புள்ள உண்டாகாம இரிக்கிறதுக்கு நான் குடிக்கிற குளிசை. பிறசர் உள்ள ஆளுக்கு ஆகா. கெதியா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகாட்டி ராத்தா நமக்கில்ல.”

  முத்தலிப் சைக்கிளின் பிடியை விடாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சுஹறா கண்ணை மூடியபடி, “மெய்தான்” என்று குழறினாள். அதற்குப் பிறகுதான் ஹஸன் ஓடினான்.

வாடகைக் காரில் ராத்தாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுல்பிகாவே போனாள். என்ன மருந்து, எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று வைத்தியர் கேட்க, எஞ்சியிருந்த சீட்டை நீட்டி ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். பிறசர் தலைக்கு மேல் ஏறிக் கிடந்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒரு பக்கம் முழுதும் விழுந்திருக்கும் என்றார்கள். அங்கே மர வாங்கில் குந்தியபடியே பேரீச்சம்பழம் ஒன்றைக் கடித்து அவள் நோன்பு திறந்தாள். கூட வந்த உம்மா அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

“ஒரே வளவுக்குள்ள நஞ்ச வச்சிரிந்திரிக்காய்” என்றாள் கடைசியில்.

“நஞ்சில்ல உம்மா. எனக்கு அது மருந்து.”

“கதைக்காத.”

மறுநாள் காலை, ராத்தாவுக்குக் கண் தெளிந்துவிட்டது என்ற பிறகு, சுல்பிகா வீடு வந்தாள். முத்தலிப் நெல் அடுப்படியில் குந்தியிருந்தான். அவள் குடித்துக்கொண்டிருந்த சீட்டைத் தலையணை உறைக்குள் தேடி எடுத்திருந்தான். அவள் பார்க்கத்தக்கதாக அதை நெருப்பில் போட்டான். உம்மா மாற்றுத் துணி எடுக்க அவளோடு கூட வந்திருந்தாள். அவளும் பார்த்தாள்.

“மத்தத எடு” என்றான்.

சுல்பிகா ஆசுபத்திரியிலிருந்து பத்திரமாகக் கொண்டு வந்ததைக் கொடுத்தாள். அதுவும் எரிந்தது.

“எத்தின மாசமா என்ன ஏமாத்தின?”

“புள்ள தவழத் தொடங்கின நாள்ல இருந்து.”

“அல்லா தாறத்த வேணாமெண்டு சொல்ல நீ ஆரு?”

“அல்லா தந்த நாலையும் வளக்கிறதுக்கு நான் வேணும். டாக்டர் சொன்னத உம்மாட்டக் கேளுங்க.”

“டாக்டர்மார் ஆயிரம் சொல்லுவானுகள். ஒன்ட ராத்தாட கதியப் பாத்த பொறகுமா?”

“ராத்தாக்குப் பிறசர். எனக்கில்ல. நாளைக்கி மிஸ்ஸிட்டப் போய் வேற எடுப்பன். இதுக்குப் பொறகு ஒளிச்சுக் குடிக்கமாட்டன், மேசையில வச்சுத்தான் குடிப்பன்.”

“இந்த ஊட்டில அது நடக்கா.”

சுல்பிகா உள்ளே போனாள். அவனுடைய பாயைச் சுருட்டிக் கயிறு போட்டாள். வந்து அதைச் சைக்கிள் கரியரில் வைத்தாள். அவள் குரல் உயரவேயில்லை.

“ஊடு என்ட உம்மா வாப்பா எனக்குத் தந்த ஊடு. இதில நான் மௌத்தாகப் போறல்ல. குளிசை இல்லாட்டி ஒங்களுக்குப் பாய் வாடியிலதான்.”

முத்தலிப் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. மாமியின் பக்கம் திரும்பினான். எந்தச் சண்டையிலும் ஆயிஷா உம்மா மருமகன் பக்கம்தான் நிற்பாள். வந்து குடியிருக்கிற மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனால் ஊர் சிரிக்கும் என்பது அவளுக்குப் பெரிய பயம்.  அன்றைக்கு அவள் உள்ளே போய் அவனுடைய தலையணையைக் கொண்டு வந்து பாயின் மேல் வைத்தாள்.

“என்ன மாமி இது?”

“அண்டைக்கி இவள்ட ரெத்தத் துணிய அலசினது நான் மனே. எத்தின கிடாரம் தண்ணி ஊத்தியும் செவப்புப் போகல்ல. ஒங்களுக்கு அத நான் சொல்லாம உட்டது என்ட பிழை. இப்ப சொல்றன், கேட்டுக்கங்க.”

அவன் போனான். முத்தலிபைப் பொல்லாதவன் என்று நான் சொல்லமாட்டேன். பொஞ்சாதி நோயாளி என்பதை ஏற்றுக்கொள்ளாத ஆரோக்கியமான மனிதன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களால் செத்த பெண்கள் அந்த மையவாடியில் நிறையப் பேர் கிடக்கிறார்கள்.

குளிசை நின்ற மூன்றாம் நாள் சுல்பிகாவுக்கு இரத்தம் பட்டது. முப்பது என்ற கணக்குப் போயிற்று. அவள் கிணற்றடியில் எல்லோரும் காணத் தண்ணீர் அள்ளிக் குடித்தாள். மனம் நொந்துதான் குடித்தாள். புதுச் சீட்டை எந்த நாளில் தொடங்குவது, தொடங்கி ஏழு நாள் வரையில் ஏன் கவனம் வேண்டும் என்றெல்லாம் மிஸ்ஸி மறுபடி ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தாள். பிறசரும் பார்த்தாள். இந்த முறை அந்த விசாரணை வளவின் நடுவில், உம்மாவும் அயல் பெண்கள் நாலைந்து பேரும் சுற்றி நிற்க நடந்தது. மிஸ்ஸி உட்கார சுல்பிகாதான் வாங்கை வெளியே தூக்கிப் போட்டாள்.

“ஆருக்குக் கேக்க வேணுமோ மிஸ்ஸிட்டக் கேளுங்க. என்ட பெட்டகத்தில கை வைக்காதீங்க” என்றாள்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்க சுஹறா வீடு வந்தாள். இடது கைக்குப் பலம் முழுதாகத் திரும்பவில்லை. கோப்பையைப் பிடித்தால் ஆடியது. ஹஸன் வந்தவர்களுக்கெல்லாம் கொழுந்தியாளின் மருந்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தான். மௌலவியிடம் கேட்டு ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றான். சுஹறா கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கேக்கிறெண்டா முழுசாக் கேளுங்க” என்றாள் கணவனிடம். “அவள் பிறசர் பாத்து, கேட்டுக் குடிச்ச. நான், அவள் வேணாமெண்டு சொல்லச் சொல்ல, களவெடுத்துக் குடிச்ச, அதுவும் ரெட்டையா. மருந்தில பிழை சொல்லாதீங்க. அவள் அண்டைக்கி வாயத் தொறக்காட்டி நீங்க எனக்குக் கத்தம் ஓதிக் கொண்டிரிப்பீங்க.”

சுல்பிகா கஞ்சிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

“முப்பதும் போச்சு புள்ள. எனக்கும் இல்ல, ஒனக்கும் இல்ல” என்றாள் சுஹறா. அவளுக்குக் கண் கலங்கியது.

“கையத் தா, எண்ண பூசி உடுறன்.”

பெருநாள் பிறை கண்ட பின்னேரம், பள்ளியில் தக்பீர் கேட்கத் தொடங்கிய நேரத்தில், முத்தலிபின் சைக்கிள் வளவுக்குள் வந்தது. கரியரில் பாய் இருந்தது. தாடி வளர்ந்து, வெயிலில் கறுத்துப்போயிருந்தான். பிள்ளைகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டன. சுல்பிகா நிலையில் நின்றாள். வழி விடவில்லை.

“மிஸ்ஸிட்டப் போன” என்றான். “கல்முனைக்கி.”

“என்ன சொன்னா?”

“ஒண்டு மறந்தா ஞாபகம் வந்த உடன குடிக்கட்டாம். கண் மங்கினா, நெஞ்சு நொந்தா, கால் வீங்கினா நான் ஒன்ன ஆசுபத்திரிக்குக் கொண்டு போகட்டாம்.”

“வேற?”

அவன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “புதுச் சீட்டுத் தொடங்கி ஏழு நாள் கழியுமட்டும் முன் மண்டபத்தில படுக்கட்டாம்.”

“வேற?”

முத்தலிப் நிலத்தைப் பார்த்தான். “ஆசுபத்திரியில ஒன்ட பழைய மருந்துத் துண்டைப் பாத்த டாக்டர்ட்டயும் கூட்டிக்கொண்டு போனா. அவர் எனக்கு முகத்துக்கு நேர சொன்னார். அடுத்ததுக்கு நீ இரிக்கமாட்டாயாம்.” காலைக் கட்டிக்கொண்டிருந்த சின்னவனை அவன் தூக்கிக்கொண்டான். “எனக்குப் பயமாப் போயிற்றுது புள்ள.”

“எனக்கு ஒண்டரை வரிசமா அந்தப் பயம்தான்” என்றாள் சுல்பிகா.

அவள் ஒதுங்கி வழி விட்டாள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, அவனுக்கும் போட்டு, தானும் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் சீட்டை எடுத்து வந்து மேசையில் வைத்து ஒரு வெள்ளைக் குளிசையை அமத்தி எடுத்தாள். உம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், மூத்த மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணி கொண்டாங்க” என்றாள் கணவனிடம்.

கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு குவளை தண்ணீர் தானாக எடுத்திராத மனிதன். அவன் எழும்பி அடுப்படிக்குப் போய், பானை எங்கே இருக்கிறதென்று தேடி, குவளை நிறைய மொண்டு, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்து நீட்டினான். அவள் வாங்கிக் குளிசையை விழுங்கினாள். விழுங்கிய பிறகும் குவளையைத் திருப்பிக் கொடுக்காமல், அவன் நிற்க நிற்க, கடைசிச் சொட்டு வரைக்கும் மெல்ல, ஆறுதலாகக் குடித்தாள்.